25,000 ரூபாய் விமானி வேலை: சேருவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 2023 செப்டம்பரில் என் முதல் விமானி வேலைக்கான கடிதம் வந்தது. சம்பளம் மாதம் 25,000 ரூபாய். அந்த வேலையில் 11 மாதம் இருந்தேன். பறந்தது மொத்தம் 14 மணி நேரம். கையை விட்டுப் போனது சுமார் ஆறரை லட்சம். இப்போது நான் பார்க்கிற வேலையிலும் சம்பளம் குறைவுதான், ஆனால் இதில் சேர்ந்ததற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதனால் குறைந்த சம்பளம் என்றாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் திருமங்கலம். அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் விமானத்தில் ஏறியவர்களே இரண்டு பேர்தான், விமான வேலையைப் பற்றி விசாரிக்க ஆளே இல்லை. 2019 கடைசியில் கல்விக் கடன் எடுத்தோம். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் வங்கி சொத்து ஈடு கேட்கும். சோழவந்தான் பக்கம் தாத்தா வைத்த தென்னந்தோப்பு ஒன்றரை ஏக்கர், அதன் பத்திரம் வங்கிக்குப் போனது. கடன் 32 லட்சம், அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் நகையும் சேர்ந்து 14 லட்சம். கொரோனா வந்து பயிற்சி நின்று, மழையில் நின்று, விமானம் பழுதாகி நின்று, ஒருவழியாக 2022 ஆகஸ்ட்டில் 206 மணி நேரத்தோடு உரிமம் கைக்கு வந்தது. சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் போதும் என்பதால் அதற்கு மேல் பறக்கக் காசும் இல்லை, காரணமும் இல்லை.

உரிமம் வந்துவிட்டால் வேலை வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் ஏர்லைன்கள் பெரும்பாலும் தாங்களே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டத்தில் வந்தவர்களையும், ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தனித் தகுதி) வைத்திருப்பவர்களையும்தான் முதலில் எடுக்கின்றன. புதியவர்களுக்கான தேர்வு எப்போதாவதுதான் வரும், ஆயிரக்கணக்கில் எழுதுவோம். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் சேவையை நிறுத்தியதும், ஏற்கெனவே டைப் ரேட்டிங்கும் ஏர்லைன் அனுபவமும் உள்ள விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றோம் எங்களைப் போன்ற 200 மணி நேரக்காரர்கள்.

உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த அந்த ஓராண்டு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான முடிவுக்கு அதுதான் காரணம். சாயங்காலம் ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வரை போவேன். மதுரை ஏர்போர்ட்டில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏடிஆர் என்கிற இறக்கைவிசிறி வைத்த சின்ன விமானம் வந்தால் சத்தத்திலேயே தெரியும். இறங்கி ஓடுதளத்தில் சக்கரம் படும்வரை கை தானாக த்ராட்டிலைப் பிடிப்பதுபோல் மடங்கும். வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வரும். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "தம்பி எந்த பிளேன் ஓட்டுறீக?" என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு "டிரெய்னிங்ல இருக்கான்" என்பார். எனக்காக அம்மா பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார முடியவில்லை.

அதோடு தவணை கட்டாமல் இருக்க வங்கி கொடுத்திருந்த அவகாசமும் (மாரடோரியம்) முடிந்தது. 32 லட்சமாக வாங்கிய கடன், தவணை தொடங்கும்போது வட்டியோடு 40 லட்சத்தைத் தொட்டிருந்தது. பத்தரை சதவீத வட்டி, 12 வருஷம், மாதத் தவணை 49,000 ரூபாய். கடை வருமானத்தில் அப்பா கட்டத் தொடங்கினார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: படிப்பு முடிந்தாலும் விமானிக்குச் செலவு நிற்காது. என் வயதில் கிளாஸ் ஒன் மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சான்று 12 மாதத்துக்குத்தான் செல்லும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருஷத்துக்கு ஒருமுறை பறந்து காட்டும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். எனக்கு ஒருமுறை புதுப்பிக்க, பயணம் தங்கல் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆனது. கடன் வாங்கும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். உரிமம் வாங்கிய பிறகு குறைந்தது ஒன்றரை வருஷம் சும்மா இருக்க நேரும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் பயிற்சிக்கே போக வேண்டும். தவணை கட்டுகிறவர்கள் கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவையும் (1961 சட்டத்தில் 80இ பிரிவு) பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வரி முறையில் இருந்தால், பிள்ளைக்காக எடுத்த கல்விக் கடனின் வட்டியை அப்பாவே கழித்துக்கொள்ளலாம், 8 வருஷம் வரை. எங்களுக்கு இது இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது. வடக்கே ஒரு சிறிய சார்ட்டர் நிறுவனம், அதாவது விமானத்தை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள். டர்போப்ராப் விமானத்தில் டிரெய்னி கோ-பைலட். தொலைபேசியில் பேசியவர் மிக அன்பாகப் பேசினார். இரண்டு மாதத்தில் எண்டார்ஸ்மென்ட் (அந்த விமானத்தை ஓட்ட உரிமத்தில் ஏறும் அனுமதி) முடிந்துவிடும், அப்புறம் மாதம் 50 மணி நேரம் பறக்கலாம், 500 மணி நேரம் சேர்ந்தால் ஏர்லைன்காரர்கள் தேடி வருவார்கள் என்றார். பயிற்சிக்காக 5 லட்சம் டெபாசிட், மூன்று வருஷம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். நடுவில் விலகினால் 15 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு. பத்தாவது, பிளஸ் டூ சான்றிதழ்களின் அசல் அவர்களிடம் இருக்கும். பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம்.

மூன்று நாள் என்றதுமே எனக்குப் பதற்றமாகிவிட்டது. அப்பாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. 15 லட்சம் பாண்டு என்று தெரிந்தால் வேண்டாம் என்பார் என்ற பயம். "வேலை கிடைச்சிருச்சுப்பா, டெபாசிட் மட்டும் கட்டணும்" என்றேன். இரண்டு ஏலச் சீட்டையும் முடிவதற்கு முன்பே தள்ளி எடுத்துப் பணத்தைக் கொடுத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

போய்ச் சேர்ந்த முதல் வாரமே விஷயம் புரிந்தது. நிறுவனத்தில் பறக்கிற விமானம் ஒன்றே ஒன்று. என்னைப் போல டெபாசிட் கட்டியவர்கள் என்னோடு சேர்த்து நான்கு பேர். தரைப் பாடம் நடந்தது. விமானத்தில் 14 மணி நேரப் பயிற்சியும் கிடைத்தது. அதற்குள் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் போனது, எண்டார்ஸ்மென்ட் செக் தள்ளிப் போனது, தள்ளிக்கொண்டே போனது. நாங்கள் ஆப்ஸ் அறையில், அதாவது பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். ஃப்ளைட் பிளான் போடுவது, அனுமதிக்கு மெயில் அனுப்புவது, பயணிகளுக்குச் சாப்பாடு சொல்வது, பெட்டி தூக்குவது. பெட்டி தூக்குவதில் எனக்கு ஒரு கேவலமும் இல்லை, கடையில் சிமெண்டு மூட்டை தூக்கியவன்தான். ஆனால் மாதக் கடைசியில், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கைத் திறந்தால் எழுத ஒன்றும் இருக்காது. நாலாவது மாதத்துக்குப் பிறகு அதைத் திறப்பதையே விட்டுவிட்டேன். ராத்திரி வீட்டுக்கு போன் செய்தால் அப்பா கேட்பார், "இன்னைக்கு எந்த ஊருக்குய்யா போனே?" நாக்பூர் என்பேன், இந்தூர் என்பேன். அம்மா எனக்காகச் சொன்ன பொய்யைத் தாங்க முடியாதவன், கடைசியில் அப்பாவிடமே தினமும் பொய் சொன்னேன்.

11-வது மாதம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியானது. புதுப்பிக்கும் செலவை நிறுவனம் ஏற்கும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள், எழுத்தில் இல்லை. அன்றைக்கு இரவே ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டு ரயில் ஏறினேன். மதுரை ஜங்ஷனில் அப்பா வந்து நின்றார். திருமங்கலம் வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கடையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அந்த வேலைக் கடிதத்தைக் கேட்டார். கல்லாப் பெட்டி பக்கத்தில் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு ஓரத்தில் ஜிஐ பைப் எல்போ ஒன்றை வைத்தார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல, மொத்தக் கடைக்காரர்களின் பில்லைச் சரிபார்க்கும்போது செய்வதுபோல் ஒவ்வொரு வரியாக ஆசாரி பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். "மாதம் 50 மணி நேரம் வரை பறக்கும் வாய்ப்பு அளிக்கப்படும்" என்றேன். பென்சில் நின்றது. "வரைன்னு போட்டிருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்தில் வட்டம் போட்டார். "சிமெண்டு கம்பெனிக்காரன் அஞ்சு பர்சன்ட் வரை தள்ளுபடின்னு எழுதுவான். எனக்கு ஒரு வருஷமும் ரெண்டைத் தாண்டி வந்ததில்ல. வரைன்னா சைபரும் அதுல சேந்ததுதானய்யா" என்றார். திட்டவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காகிதத்தை அவர் முன் வைத்திருந்தால் அந்தப் பென்சில் அதே இடத்தில் நின்றிருக்கும். அன்றைக்குக் கடைக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய இடத்தில் போய் நின்று வெகுநேரம் அழுதேன்.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். கடிதத்தை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். விமானத்தைப் பற்றித் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, பில் போட்டு, கடன் கொடுத்து வாங்கிப் பழகியவராக இருந்தால் போதும். காட்டப் பயமாக இருக்கிறது என்றால், எந்த வரியால் அந்தப் பயம் வருகிறது என்று பாருங்கள்.

பாண்டு விஷயம். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஒத்தக்கடை ஐகோர்ட் கிளையில் வழக்கறிஞர். அவரிடம் போனோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர முடியும், எழுதியிருக்கிற தொகை அதற்கு உச்சவரம்பு என்று விளக்கினார். எனக்குச் செய்த பயிற்சிச் செலவு என்ன என்று கணக்குக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். மூன்று மாதம் இழுத்தார்கள். அசல் சான்றிதழ்கள் வந்தன, டெபாசிட்டில் ஒரு லட்சம் வந்தது, 15 லட்சம் பேச்சை விட்டுவிட்டார்கள். மிச்சம் நாலு லட்சத்துக்கு வழக்குப் போடலாம் என்றார் அண்ணன். எனக்குத் தெம்பு இல்லை. இதை வைத்து, பாண்டு என்றால் செல்லாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தொகை நியாயமாக இருந்தால் கட்டத்தான் வேண்டியிருக்கும். அதனால் கையெழுத்துக்கு முன்பே, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு, வருஷம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, பயிற்சியை அவர்கள் குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் பாண்டு ரத்தாகுமா என்று எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பார்த்துச் சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும்.

ஆறரை லட்சம் எப்படி என்றால், டெபாசிட்டில் போனது நாலு, ரேட்டிங்கையும் மெடிக்கலையும் மீட்க ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்து வாங்கியது ஒன்றுக்குப் பக்கம், மீதி வக்கீல் செலவு. 11 மாதத்துக்கு விலை போடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வழிகள் கண்ணில் பட்டன. ஒன்று, இன்னும் 15 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி டைப் ரேட்டிங் முடிப்பது. என்னோடு படித்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள், ஒருவனுக்கு வேலை கிடைத்தது, இன்னொருவன் இன்னும் காத்திருக்கிறான். வேலை கையில் இல்லாமல் டைப் ரேட்டிங் எடுத்தால், அதையும் அவ்வப்போது சிமுலேட்டருக்குப் போய் உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஈடு வைக்க எங்களிடம் வேறு தோப்பும் இல்லை. இன்னொன்று பறக்கும் பள்ளியில் அசிஸ்டென்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர், நாங்கள் ஏஎஃப்ஐ என்போம். அதற்கான ரேட்டிங்குக்கு எனக்கு மூன்றரை லட்சம் ஆனது. மாணவனோடு உட்கார்ந்து பாடம் நடத்தும் நேரம் முழுவதும் பிஐசி நேரமாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்த நேரமாக லாக்புக்கில் ஏறும். முதல் சோலோவுக்கு, அதாவது முதல் முறை தனியாகப் பறக்க, மாணவனை அனுப்பும் அதிகாரம் ஏஎஃப்ஐக்குக் கிடையாது, அதைப் பெரிய இன்ஸ்ட்ரக்டர்தான் செய்ய வேண்டும்.

2025 ஏப்ரலில் ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மாதம் 30,000, பறக்கும் மணி நேரத்துக்குத் தனியாக 500 ரூபாய். இந்த முறை அப்பாவும் நானும் கடையில் உட்கார்ந்து கேள்விகளை எழுதினோம். மெயிலில் அனுப்பினேன், மெயிலில்தான் பதில் வேண்டும் என்றேன். உங்களிடம் எத்தனை விமானம், அதில் இன்றைக்குப் பறக்கக்கூடியது எத்தனை? இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர்? கடந்த ஆறு மாதத்தில் மாதாமாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்? வேலையை விட்டு விலக எத்தனை மாத நோட்டீஸ்? மெடிக்கல், ரேட்டிங் செலவு யாருடையது? பறக்கக்கூடியது 5 விமானம், என்னையும் சேர்த்து 4 இன்ஸ்ட்ரக்டர், மாதம் சராசரி 320 மணி நேரம் என்று பதில் வந்தது. மாணவர்கள் தனியாகப் பறக்கும் சோலோ நேரம் ஏறக்குறைய பாதி. மீதி 160-ஐ நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 40. மழைக்காலத்தில் அதில் பாதி என்று வைத்துக்கொண்டோம். இதே கணக்கைப் பழைய நிறுவனத்துக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரே விமானம் நல்ல மாதத்தில் 35 மணி நேரம் பறக்கும், கோ-பைலட் இருக்கை ஒன்று, ஆள் நான்கு. எல்லாம் சரியாக நடந்திருந்தால்கூட எனக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வந்திருக்காது. ஐந்து நிமிஷக் கணக்கு. அதைப் போடாமல் ஒரு வருஷத்தைக் கொடுத்தேன்.

எந்தச் சார்ட்டர் நிறுவனத்திடம் என்ன விமானம் இருக்கிறது, எந்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வெளியிடும் பட்டியல்களில் இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்தும் வெளியிடுகிறார்கள். பட்டியலில் இருக்கும் விமானம் எல்லாம் பறக்கிறது என்று அர்த்தம் இல்லை, ஹேங்கரில் சக்கரமில்லாமல் நிற்பதும் அதில் இருக்கும். அதனால் அங்கே வேலை பார்த்து விலகிய இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். இப்போது இருப்பவர்களால் மனம்விட்டுப் பேச முடியாது. நான் பேசிய இரண்டு பேரும், சம்பளம் சில மாதம் பத்து நாள் தாமதமாகும், ஆனால் பறக்க வைப்பார்கள், விமானப் பராமரிப்பில் சிக்கனம் பிடிக்க மாட்டார்கள் என்றார்கள். கடைசியாகச் சொன்ன விஷயத்துக்காகவே சரி என்று முடிவெடுத்தேன். பழுதான விமானத்தில் ஏறச் சொல்லும் இடமாக இருந்தால், ஒரு லட்சம் கொடுத்தாலும் போகாதீர்கள்.

சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. ஜூலையில் 17 மணி நேரம்தான் கிடைத்தது, நவம்பரில் 58. வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு 20,000 அனுப்புகிறேன், தவணையில் மீதி 29,000-ஐ அப்பா போடுகிறார். இது இன்னும் எவ்வளவு நாள் என்று தெரியாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 500 மணி நேரம் தாண்டியதும் ஏர்லைன் கதவு திறக்கும் என்பது எல்லோரும் சொல்கிற பேச்சு. அப்படி யாரும் எழுதித் தரவில்லை. ஏர்லைன் தேர்வுக்கு இன்னும் அதே எழுத்துத் தேர்வு, அதே சிமுலேட்டர் சோதனை. ஆனால் தினமும் பறப்பதால் கை துருப்பிடிக்கவில்லை, ரேடியோவில் பேச நாக்கு தடுமாறவில்லை. போன மாதம் சிமுலேட்டர் சோதனை ஒன்றுக்குப் போனபோது, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக உள்ளங்கை வியர்க்காமல் உட்கார்ந்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

இப்போதும் ராத்திரி போன் செய்தால் அப்பா, "இன்னைக்கு எவ்வளவுய்யா?" என்று கேட்கிறார். நேற்று 4 மணி 20 நிமிஷம் என்றேன். கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறார். அவர் கூட்டி வைத்திருப்பதும் என் லாக்புக்கும் ஒன்றாகத்தான் இருக்கின்றன: 640 மணி நேரம்.